விழுது இறங்கும் நேரம்

திண்டிவனம் வட்டாரத்துச் செம்மண்ணில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்து நாற்பது நாள் ஆன வயலில், ஒரு செடியின் அடிக்கொம்புகளை விலக்கிப் பாருங்கள். பூத்து வாடிய மஞ்சள் பூக்களின் இடத்திலிருந்து, ஊதா நிறமேறிய மெல்லிய ஊசிகள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். விவசாயிகள் அதை விழுது என்கிறார்கள். விழுது இறங்கும் சமயத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். அதன்பிறகு வயலில் களைக்கொட்டு இறங்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். இறங்கிய விழுது அறுந்தால் ஒரு காய் போயிற்று.

விழுதின் நுனியில் இருப்பது சூலகம். அதற்குள் கருவுற்ற சில செல்கள். வெளிச்சத்தில் இருக்கும்வரை அந்தக் கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறது. விழுது மண்ணுக்குள் நாலைந்து சென்டிமீட்டர் இறங்கியதும் நீள்வது நிற்கிறது, நுனி கிடைமட்டமாகத் திரும்புகிறது, காய் பருக்கத் தொடங்குகிறது. செடியின் உச்சியில் பூத்த பூவின் விழுது மண்ணை எட்டாமலே போனால் அது அந்தரத்தில் காய்ந்துவிடும். இருளும் மண்ணின் அழுத்தமும் கிடைக்காத விழுதில் காய் பிடிப்பதில்லை.

மேலே வெளிச்சத்தில் இருந்தபோதும் கீழே இருட்டுக்குப் போன பிறகும் அந்த நுனியின் செல்களில் உள்ள மரபணுக்கள் அவையேதான். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அவற்றில் எவை வாசிக்கப்படுகின்றன, எவை மூடிக் கிடக்கின்றன என்பதுதான் மாறியிருக்கிறது. அதை முடிவுசெய்கிற புரதங்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் தனித்து முடிவெடுப்பதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்தும், ஒன்றை ஒன்று மடக்கிப் பிடித்தும், பிரிந்தும்தான் செடியின் வாழ்க்கையை நடத்துகின்றன. இந்த அத்தியாயம் அந்தச் சேர்க்கையைப் பற்றியது.

திண்டிவனத்தின் பெயர் தாங்கிய விதை

நிலக்கடலை விதை மூட்டையில் டி.எம்.வி. என்ற எழுத்துகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் திண்டிவனத்தின் பெயரைத்தான் படித்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நிலக்கடலை, எள், ஆமணக்கு ஆகியவற்றில் அது தந்த ரகங்கள் ஊரின் பெயரைத் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கொண்டுபோயின. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது டி.எம்.வி.2. குடியாத்தம் கொத்து என்ற நாட்டு வகையிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கிச் சேர்த்து, 1940இல் வெளியிடப்பட்ட ரகம் அது. கொத்து ரகம். ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வரும். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. அதிலிருந்து உண்டாக்கப்பட்ட குறுகிய இலை கொண்ட ஒரு திரிபுச் செடியைத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வுக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

டி.எம்.வி.2 வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், 1953இல், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவமே தெரியவந்தது. அந்த நாளின் ஆய்வாளர்கள் காயை எண்ணினார்கள், பருப்பை எடைபோட்டார்கள், கொடியா கொத்தா என்று பார்த்தார்கள். கண்ணால் பார்த்துப் பொறுக்கியபோது அவர்கள் உண்மையில் பொறுக்கியது, மரபணுக்கள் எப்போது, எங்கே, எவ்வளவு வாசிக்கப்பட வேண்டும் என்ற ஏற்பாட்டையும் சேர்த்துத்தான்.

ஆறு எழுத்தும் ஆறு லட்சம் இடமும்

ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமென்றால் அது முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட வேண்டும். அந்தப் படியை வைத்துத்தான் செல் புரதம் செய்கிறது. படியெடுப்பைத் தொடங்கவோ தடுக்கவோ வல்ல புரதங்களுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். ஒவ்வொரு மரபணுவின் முகப்பிலும் டி.என்.ஏ.வின் சிறுசிறு எழுத்துத் தொடர்கள் இருக்கின்றன. காரணி தனக்குரிய தொடரைக் கண்டதும் அதைப் பற்றிக்கொள்கிறது. அரபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு கடுகுக் குடும்பச் செடியின் மரபணுத் தொகுதி 2000ஆம் ஆண்டு முழுமையாக வாசிக்கப்பட்டபோது, அதில் 1,500க்கும் மேற்பட்ட காரணிகள் இருப்பது தெரிந்தது. செடியின் மரபணுக்களில் இருபதில் ஒன்றுக்கும் மேல், மற்ற மரபணுக்களை நடத்துவதற்காகவே இருக்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரணி தேடும் தொடரின் நீளம் பெரும்பாலும் ஆறேழு எழுத்துதான். டி.என்.ஏ.வில் இருப்பவை நான்கே எழுத்துகள்: ஏ, சி, ஜி, டி. ஆகவே குறிப்பிட்ட ஓர் ஆறெழுத்துத் தொடர் சராசரியாக 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை தற்செயலாகவே வந்துவிடும். நிலக்கடலையின் மரபணுத் தொகுதியில் 250 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் உண்டு. அப்படியானால் அந்தத் தொடர் ஆறு லட்சம் இடங்களில் கிடக்கும். இத்தனை இடத்தில் எது சரியான இடம் என்று ஒரு காரணி தனியாக எப்படி அறியும்?

அறியாது. குரோமோசோமின் மடிப்புகள் பல இடங்களை மறைத்துவிடுகின்றன என்பது உண்மைதான். அதற்குப் பிறகும் மிஞ்சும் குழப்பத்தைத் தீர்ப்பது கூட்டுதான். இரண்டு காரணிகள் இணைந்து, இரண்டு தொடர்கள் அருகருகே இருக்கும் இடத்தை மட்டும் பற்றும்போது தவறான இடங்கள் உதிர்ந்துபோகின்றன.

இன்னும் சில காரணிகளுக்கு ஜோடி இல்லாமல் பற்றவே முடியாது. சி-ஏ-சி-ஜி-டி-ஜி என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ.வில் சி-க்கு எதிரே ஜி, ஏ-க்கு எதிரே டி நிற்கும். எதிர் இழையை அதன் திசையில் வாசித்தால் அங்கும் இதே சி-ஏ-சி-ஜி-டி-ஜிதான் வரும். இந்தத் தொடரைப் பற்றும் காரணிகள் இரண்டிரண்டாக வருவதற்கு இதுதான் காரணம். ஒன்று ஒரு பாதியை வாசிக்க, மற்றொன்று மறுபாதியை வாசிக்கிறது. டி.என்.ஏ.வைத் தொடும் பகுதி ஒவ்வொன்றிடமும் தனியாக இருக்கிறது. இரண்டையும் பிணைக்கும் பகுதி வேறாக இருக்கிறது. நுகத்தடியில் ஒற்றை மாட்டைப் பூட்டி ஏர் ஓட்ட முடியாது என்பதைப்போல, இந்தக் காரணிகளில் ஒன்று மட்டும் வந்தால் மரபணு நகராது.

ஜோடி மாறினால் பொருளும் மாறும். அரபிடாப்சிஸில் பி-ஜிப் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 75 காரணிகளை 2002இல் பட்டியலிட்டார்கள். தன்னோடு தானும், பிறரோடும் சேரலாம் என்று வைத்தால் கணக்குப்படி 2,850 ஜோடிகள். எல்லாம் எல்லாவற்றோடும் சேர்வதில்லை. சேர்பவை மட்டுமே பல நூறு வெவ்வேறு கட்டளைகளுக்குப் போதும். குறைந்த எண்ணிக்கைப் புரதங்களைக் கொண்டு, வேர் முதல் பூவரை நுட்பமாக நடத்தச் செடிக்கு முடிவது இதனால்தான்.

கூட்டின் வலிமையைக் கண்முன் காட்டியது 2001இல் ஜப்பானில் ஹோன்மாவும் கோட்டோவும் செய்த ஒரு சோதனை. பூவின் இதழ் உருவாவதில் பங்குள்ள காரணிகளைத் தனித்தனியாக இலையில் இயக்கினால் இலை இலையாகவே இருந்தது. உரிய காரணிகளை ஒருசேர இயக்கியபோது இலை, இதழாக மாறிவந்தது. வேறொரு காரணியைக் கூட்டணியில் சேர்த்தபோது இதழுக்குப் பதில் மகரந்தத் தாள் போன்ற உறுப்பு வந்தது. மல்லாட்டையின் மஞ்சள் பூவும் இந்த வகைக் கூட்டணியின் விளைவுதான்.

சேர்க்கையைப் பிடித்துக் காட்டிய ஈஸ்ட்

கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ தெரியாத இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1989இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் ஒரு வழி கண்டார்கள். அழகான விஷயம், அந்த வழிக்கே ஒரு படியெடுப்புக் காரணிதான் கருவி.

ஈஸ்டில் கால்4 என்றொரு காரணி உண்டு. அதற்கு இரண்டு பாகம். ஒரு பாகம் டி.என்.ஏ.வைப் பற்றும். மற்றது படியெடுப்பைத் தூண்டும். இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டால் மரபணு இயங்காது. அருகில் கொண்டுவந்து வைத்தால் போதும், இயங்கும். ஃபீல்ட்ஸும் சாங்கும் சோதிக்க வேண்டிய ஒரு புரதத்தை முதல் பாகத்தோடும், மற்றொரு புரதத்தை இரண்டாம் பாகத்தோடும் ஒட்டி ஈஸ்டுக்குள் செலுத்தினார்கள். இரண்டு புரதங்களும் கைகோத்தால் கால்4இன் இரண்டு பாகங்களும் அருகருகே வந்துவிடும். குறிப்பிட்ட மரபணு இயங்கும். ஈஸ்ட் கூட்டம் நீல நிறமாகும். பின்வந்த முறைகளில், உரிய சத்து இல்லாத தட்டிலும் ஈஸ்ட் வளர்ந்துவிடும். கைகோக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. புரதங்களின் உறவைத் தட்டில் முளைக்கும் ஒரு புள்ளியாகக் காட்டிவிட்டது இந்த முறை.

இதைக்கொண்டு 2011இல் பன்னாட்டுக் குழு ஒன்று அரபிடாப்சிஸின் ஏறக்குறைய 2,700 புரதங்களுக்கிடையே 6,200 உறவுகளை வரைபடமாக வெளியிட்டது. செடிக்குள்ளேயே சரிபார்க்க வேறொரு முறையும் வந்தது. ஒளிரும் புரதம் ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியை ஒட்டிவிடுவார்கள். இரண்டு புரதங்கள் சேர்ந்தால் புகையிலைச் செடியின் இலைக்குள் உட்கரு மஞ்சளாக ஒளிரும்.

வெளிச்சம் பிரிக்கிறது, இருள் சேர்க்கிறது

இப்போது விழுதுக்குத் திரும்புவோம். செடிக்கு வெளிச்சத்தை அறியும் புரதங்களில் ஒன்று ஃபைட்டோகுரோம். சிவப்பொளி, அதாவது 660 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளி, பட்டால் அது வடிவம் மாறி உட்கருவுக்குள் நுழைகிறது. 730 நானோமீட்டரை ஒட்டிய தூரச் சிவப்பு ஒளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. மல்லாட்டையின் விழுது வெளிச்சத்தில் காத்திருப்பதிலும் ஃபைட்டோகுரோமுக்குப் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உட்கருவுக்குள் போன ஃபைட்டோகுரோம் அங்கே என்ன செய்கிறது? 1998இல் கலிபோர்னியாவில் பீட்டர் குவெய்லின் குழு, மேலே சொன்ன ஈஸ்ட் முறையில் ஃபைட்டோகுரோமோடு கைகோக்கும் புரதத்தைத் தேடி ஒன்றைக் கண்டது. பிஃப்3 என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு படியெடுப்புக் காரணி. சி-ஏ-சி-ஜி-டி-ஜி தொடரை ஜோடியாகப் பற்றும் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு அதன் உடன்பிறப்புகள் பல கண்டறியப்பட்டன.

இருட்டில் பிஃப் புரதங்கள் உட்கருவில் குவிகின்றன. ஜோடி சேர்ந்து நீட்சிக்கான மரபணுக்களை இயக்குகின்றன. மண்ணுக்குள் முளைத்த விதையின் தண்டு வெளிறி நீள்வதற்கு இவையே காரணம். வெளிச்சம் பட்டதும் ஃபைட்டோகுரோம் வந்து பிஃப்பைப் பற்றுகிறது. பற்றப்பட்ட பிஃப்பின்மேல் பாஸ்பேட் குறி ஏறுகிறது. சில நிமிடங்களில் செல்லின் சிதைப்பு இயந்திரம் அதை அழித்துவிடுகிறது.

அழிப்பதோடு நிற்பதில்லை. எச்.எஃப்.ஆர்.1 என்றொரு புரதம் உண்டு. பிஃப்களைப்போலவே உருவம். டி.என்.ஏ.வைப் பற்றும் திறன் மட்டும் இல்லை. நிழலில் செடி அளவுக்கு மீறி நீளத் தொடங்கினால், இந்தப் புரதம் பெருகிப் பிஃப்பின் ஜோடியாகப் போய் அமர்ந்துகொள்கிறது. ஜோடி அமைந்துவிட்டது, ஆனால் பற்ற முடியாத ஜோடி. நீட்சிக்கான கட்டளை தணிகிறது. 2009இல் வெளியான இந்த ஆய்வு, சேர்க்கையே தடையாகவும் இருக்க முடியும் என்று தெளிவாகச் சொன்னது.

மூன்றாவதாக ஒரு பிடி இருக்கிறது. டெல்லா என்ற புரதங்கள் பிஃப்பின் டி.என்.ஏ. பற்றும் பகுதியையே மூடிப் பிடித்துக்கொள்கின்றன என்று 2008இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின. ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வந்தால் டெல்லா அழிக்கப்படும், பிஃப் விடுபடும், செடி நீளும். ஹார்மோன் குறைந்தால் டெல்லா நிலைத்து நிற்கும், செடி குட்டையாக இருக்கும். 1966இல் வெளியான ஐ.ஆர்.8 நெல் காற்றில் சாயாமல் நின்றதற்கு அடிப்படை இதுதான். அதில் ஜிப்பரெலின் தயாரிக்கும் மரபணு ஒன்று பழுதுபட்டிருந்தது. விழுப்புரம் மாவட்டத்து நெல்வயல்களில் இன்று காணும் குட்டை ரகங்களின் உயரத்துக்குப் பின்னால், இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்ற விஷயம் இருக்கிறது.

வேரில் ஓர் ஒப்பந்தம்

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினால் மிளகு அளவுக்கும் சிறியதாக உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. விதைக்கு முன் அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையோடு சேர்க்கும் ரைசோபியம் பொட்டலம் இவற்றுக்காகத்தான். தமிழ்நாட்டில் நிலக்கடலைக்குப் பரிந்துரைக்கப்படுவது டி.என்.ஏ.யூ.14 என்ற வகை.

பாக்டீரியாவை உள்ளே விடுவது செடிக்கு ஆபத்தான காரியம். தவறான ஆளை விட்டால் நோய். அதனால் செடி ஒரு புரதத்தின் சொல்லை மட்டும் நம்பிக் கதவைத் திறப்பதில்லை. பாக்டீரியாவின் குறிச்சொல் வந்ததும் வேர் செல்லின் உட்கருவில் கால்சியம் அலையலையாக ஏறி இறங்குகிறது. அதை உணர்ந்த ஒரு நொதி, சைக்ளாப்ஸ் என்ற காரணியைத் தூண்டுகிறது. இன்னொரு பக்கம் என்.எஸ்.பி.1, என்.எஸ்.பி.2 என்ற இரண்டு காரணிகள் இணைகின்றன. இவற்றில் டி.என்.ஏ.வைப் பற்றத் தெரிந்தது என்.எஸ்.பி.1தான். என்.எஸ்.பி.2 கூட நின்றால்தான் மரபணு உரக்க இயங்கும். இந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பாலமாக, மேலே சந்தித்த அதே டெல்லா நிற்கிறது என்று 2016இல் தெரிந்தது. பிஃப்பிடம் தடையாக இருந்த புரதம் இங்கே துணை. ஒரு புரதத்தின் குணம் அது சேரும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

என்.எஸ்.பி.2 புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய செடி ஒன்று மெடிக்காகோ என்ற பயறுவகைச் செடியில் கிடைத்தது. புரதம் கெட்டுப்போகவில்லை. என்.எஸ்.பி.1ஐப் பற்றும் பிடி மட்டும் தளர்ந்தது. முடிச்சுகள் குறைந்துவிட்டன. 2009இல் வெளியான இந்த முடிவு, உறவு தளர்ந்தாலே உறுப்பு குறையும் என்று காட்டியது.

மல்லாட்டையில் இந்தக் கதை இன்னும் கூர்மையாகிறது. வேர்முடிச்சே இல்லாமல் மஞ்சளடித்து நிற்கும் நிலக்கடலைச் செடிகள் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கவனிக்கப்பட்டன. பிறகு ஐதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்திலும் கிடைத்தன. காரணம் 2021இல்தான் மரபணு அளவில் பிடிபட்டது. பழுது என்.எஸ்.பி.2இல். ஆனால் ஒன்றில் அல்ல, இரண்டில்.

நிலக்கடலை இரண்டு தென்னமெரிக்கக் காட்டுச் செடிகளின் கலப்பில் பிறந்தது. ஆராக்கிஸ் டுரானென்சிஸ் ஒரு பெற்றோர், ஆராக்கிஸ் இபயென்சிஸ் மற்றொன்று. இரண்டின் குரோமோசோம்களும் அப்படியே சேர்ந்து 40 ஆயின. அதனால் ஒவ்வொரு காரணிக்கும் பெரும்பாலும் இரண்டு வடிவங்கள் உண்டு. என்.எஸ்.பி.2இன் ஒரு வடிவம் முதல் பெற்றோர் வழியிலும் மற்றது இரண்டாம் பெற்றோர் வழியிலும் வந்தது. ஒன்று பழுதானால் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டும் பழுதானால்தான் முடிச்சு அற்றுப்போகும். பெற்றோர் இருவரின் மரபணுத் தொகுதிகளும் 2016இலும், நிலக்கடலையின் முழுத் தொகுதி 2019இலும் வாசிக்கப்பட்டதால்தான் இவ்வளவு துல்லியமாகத் தேட முடிந்தது. கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மைத்ரேயி தாஸ்குப்தாவின் குழு, நிலக்கடலையின் சைக்ளாப்ஸும் இதே கூட்டணியில் வேலை செய்கிறது என்று 2019இல் காட்டியது. பாக்டீரியா வேர்த்தூவி வழியே நுழையாமல் பக்கவேர் கிளைக்கும் இடத்து வெடிப்பு வழியே நுழையும் பயிர் இது. நுழையும் வாசல் வேறானாலும் உள்ளே கூடும் காரணிகள் ஒன்றே.

எண்ணெயும் உறக்கமும்

காய் முற்றும்போது பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெயாகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டையைக் கொட்டி, கைப்பிடி காயை உடைத்து, பருப்பின் திரட்சியைப் பார்த்து விலை சொல்கிறார்களே, அந்தத் திரட்சி உண்டாகும் கட்டத்தையும் காரணிகளின் கூட்டணிதான் நடத்துகிறது. இதில் முதன்மையானது லெக்1. 1998இல் கண்டறியப்பட்டபோது அது ஆய்வாளர்களை வியக்கவைத்தது. அரபிடாப்சிஸ் செடியில் அதை அளவுக்கு மீறி இயக்கியபோது இலையின் மீதே கரு போன்ற உருவங்கள் முளைத்தன.

அவ்வளவு வல்லமை கொண்ட லெக்1 தனியாக டி.என்.ஏ.வைப் பற்றாது. முதலில் என்.எஃப்-ஒய்.சி. என்ற துணையோடு இணைய வேண்டும். மூன்றாவதாக என்.எஃப்-ஒய்.ஏ. வந்து சேர்ந்தால் சி-சி-ஏ-ஏ-டி என்ற தொடரை மூன்றும் சேர்ந்து பற்றும். அந்த மூன்றாம் இடத்துக்கு பி-ஜிப்67 என்ற வேறு காரணி வந்தால், கூட்டணி வேறு மரபணுக்களுக்குப் போய் விதையின் சேமிப்புப் புரதத்தை இயக்குகிறது. எண்ணெய் தயாரிக்கும் நொதிகளை நேரடியாக நடத்தும் ரிங்கிள்டு1 என்ற காரணிக்கும் துணைகளும் தடைகளும் உண்டு. டி.சி.பி.4 என்ற காரணி அதைப் பற்றிக்கொண்டால் எண்ணெய் குறைகிறது என்று 2020இல் தெரியவந்தது.

விதை முற்றியதும் உறங்க வேண்டும். இங்கேதான் நம் விவசாயிக்கு நேரடியான நஷ்டம் இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்த டி.எம்.வி.2 போன்ற கொத்து ரகம் அறுவடைக்கு வரும்போது ஐப்பசி மழை தொடங்கிவிடும். பிடுங்க இரண்டு நாள் தாமதமானால், ஈரம் ஊறிய காய்கள் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பெரும்பாலான கொத்து ரகங்களின் புது விதைக்கு உறக்கம் கிடையாது. டி.எம்.வி.1 போன்ற கொடி ரகங்களுக்கு உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்துக்கு அருகே மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட பருவங்கள் வரும் மாவட்டத்தில் விதையின் உறக்கம் வயிற்றுப்பாட்டு விஷயம்.

உறக்கத்தைக் காப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். அதன் ஆணையை நிறைவேற்றுபவை இரண்டு காரணிகள். சோளக்கதிரிலேயே விதை முளைத்துவிடும் ஒரு மக்காச்சோள வகையில் பழுதானது வி.பி.1 என்ற காரணி என்று 1991இல் கண்டார்கள். ஆனால் அந்த ஹார்மோனின் ஆணையை ஏற்கும் மரபணுக்களின் முகப்பிலுள்ள தொடரை வி.பி.1 தானே வாசிப்பதாகத் தெரியவில்லை. வாசிப்பது யார்? 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் டிராப்1 என்ற பி-ஜிப் காரணியைக் கண்டார்கள். அது தொடரைப் பற்றுகிறது, வி.பி.1 அதன்மேல் வந்து சேர்கிறது. அரபிடாப்சிஸில் இதே உறவு ஏ.பி.ஐ.3, ஏ.பி.ஐ.5 என்ற இரண்டுக்கும் இடையே இருப்பது 2001இல் உறுதியானது. விதை உறங்குமா முளைக்குமா என்பது இந்த இரண்டின் கூட்டிலும் தங்கியிருக்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றினால்

ஒரு நொதியின் மரபணுவை மாற்றுவதற்கும் ஒரு காரணியை மாற்றுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 2020இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட கிர்னார்-4, கிர்னார்-5 நிலக்கடலை ரகங்களில் ஓலியிக் அமிலம் மிகுதி. ஃபேட்2 என்ற நொதியின் இரண்டு வடிவங்களும் செயலிழந்ததால் வந்த பலன் அது. எண்ணெயின் தன்மை மாறியது, செடி பெரிதாக மாறவில்லை.

காரணியில் கைவைத்தால் அப்படி இருக்காது. டிரெப்1ஏ என்ற வறட்சிக் காரணியை எந்நேரமும் இயக்கினால் செடி குறுகிப்போகும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்பே கண்டிருந்தார்கள். அதனால் இக்ரிசாட் ஆய்வாளர்கள் ஜே.எல்.24 என்ற நிலக்கடலை ரகத்தில் அரபிடாப்சிஸின் டிரெப்1ஏவைச் சேர்த்தபோது, தண்ணீர் குறைந்தால் மட்டும் இயங்கும் முகப்பு ஒன்றையும் சேர்த்தே வைத்தார்கள். குறைந்த தண்ணீரில் அந்தச் செடிகள் ஒவ்வொரு சொட்டு நீரையும் கூடுதல் பயனுள்ளதாக்கின என்று 2007இல் அறிவித்தார்கள். காரணியை மட்டும் கொண்டுவந்தால் போதாது, அது எப்போது, யாருடன் சேரும் என்பதையும் அமைத்துத் தர வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

இன்று ஒரு மரபணுவின் ஒரே எழுத்தைத் திருத்தும் கருவிகள் கையில் இருக்கின்றன. இனி வரும் பயிர் மேம்பாட்டில், ஒரு காரணியை முழுதாக நீக்குவதைவிட, இரண்டு காரணிகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிடியைச் சற்று இறுக்குவதும் தளர்த்துவதுமே பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பூவும் முடிச்சும் அப்படியே இருக்க, புது விதைக்கு இரண்டு வாரம் உறக்கம் மட்டும் கூட்டிய ஒரு கொத்து ரகத்தை இந்த வழியில் எண்ணிப்பார்க்க முடியும்.

அதற்கு முதலில் நம் பயிரில் எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்ற படம் வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொன்னவற்றில் பெரும்பகுதி அரபிடாப்சிஸிலும் மெடிக்காகோவிலும் கிடைத்த அறிவு. அரபிடாப்சிஸுக்கு வேர்முடிச்சு கிடையாது. இரண்டுக்குமே மண்ணுக்குள் இறங்கும் விழுது கிடையாது. விழுதின் நுனியில் இருள் எந்தக் காரணிகளைச் சேர்த்துவைக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் செடிகளில் விடை தேட முடியாது. மல்லாட்டையில்தான் தேட வேண்டும். மரபணுத் தொகுதி எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. டி.எம்.வி. ரகங்களின் விதை திண்டிவனத்தில் இருக்கிறது. ஈஸ்ட் முறையை நடத்தும் ஆய்வகங்கள் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கும் மாணவர் இதை வாசித்துக்கொண்டிருந்தால், அவரிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆய்வுக்கு வேறு செடியைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊர்ப் பயிரையே எடுத்துக்கொள்ளுங்கள்.